கடைசிக் கோடியில் மைனஸ் நான்கு

அமலி,

முதலில் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார். நின்றுகொண்டே படித்துவிடக்கூடிய கடிதம் இல்லை இது. நான் அனுப்பும் செய்திகளை நீ லிஃப்டில் நின்றபடி பார்த்து, "சரிம்மா" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நானே பக்கம் பக்கமாகப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவேன். மூலத்தாள்கள் தபாலில் பின்னால் வரும். அவற்றோடு சிறிய தாள் ஒன்றும் வரும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதன் பிரதி ஒன்றை நம் கோயில் மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நீ கோபப்படுவாய். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை என் கை கோணலாகப் போகும் இடங்களைப் பொறுத்துக்கொள். கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சொட்டு மருந்து விட்ட பிறகு அரை மணி நேரம் எழுத்து கலங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதை நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாத முடிவில் உங்கள் ஆய்வகக் கருவியைப் பிரித்து வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாய். அதற்குள் அறிக்கை எழுத வேண்டும், "இரண்டும் சேர்ந்து குளிரவில்லை" என்று எழுதி முடித்துவிடப் போகிறேன் என்றாய். நான்கு வருட வேலையை, மார்க்கெட்டில் மீன் இல்லை என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாய். பிறகு, நான் கேட்காமலேயே, இன்னொன்றும் சொன்னாய். அணுக்களை எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் பதினேழு படங்கள் மட்டும் வேறு மாதிரி வந்திருக்கின்றன, அவற்றில் பொட்டாசியம் இருக்க வேண்டியதைவிட அதிகமாகக் குளிர்ந்திருக்கிறது, ஆனால் அதை நம்ப முடியாது, "நான்தான்மா எங்கயோ தப்பா பாத்திருப்பேன், அதெல்லாம் ஒதுக்கிட்டேன்" என்றாய். நான் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். "நான்தான் தப்பா பாத்திருப்பேன்" என்ற அந்த வாக்கியம் உன்னுடையது அல்ல, அமலி. அதை உனக்குப் பதினோரு வயதில் நான்தான் உன் வாயில் வைத்தேன்.

அதைச் சொல்வதற்கு முன், உன் வேலையை நான் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து. பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று எழுபத்து மூன்று டிகிரி போனால் அதற்குமேல் குளிர் என்பதே கிடையாது. அந்தத் தரையை ஒட்டி, தொட்டும் தொடாமலும் அணுக்களைக் கொண்டுபோய் நிறுத்துவது உங்கள் வேலை. வெளிச்சம் பட்டால் சூடாகும் என்றுதான் நாங்கள் படித்தோம். நீங்கள் வெளிச்சத்தாலேயே அணுக்களைத் தள்ளி மெதுவாக்கி, வெளிச்சத்தாலேயே ஒரு கிண்ணம் செய்து அதற்குள் வைக்கிறீர்கள். பிறகு கிண்ணத்தின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துகிறீர்கள். சூடாகத் துள்ளும் அணுக்கள் வெளியே போய்விடும். மிச்சமிருப்பவை ஒன்றோடு ஒன்று மோதி, இருக்கும் சூட்டைப் பங்கிட்டு, இன்னும் குளிர்ந்து அடங்கும். தட்டில் ஊற்றிய காபி ஆறுவது போல என்று நீ சொன்னபோது எனக்கு அது உடனே பிடிபட்டது. ஆனால் உன் அணுக்கள் ஃபெர்மியான் என்ற ஜாதி. அந்த ஜாதியில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு அணுக்கள், மிகவும் குளிர்ந்த பிறகு ஒன்றின்மேல் ஒன்று மோதவே மோதாது. மோதாவிட்டால் சூட்டைப் பங்கிட வழியில்லை. அந்த இடத்தில் குளிர்ச்சி நின்றுபோகும். அதனால் பக்கத்தில் வேறொரு வகை வேண்டும். உன் கிண்ணத்தில் லித்தியமும் பொட்டாசியமும் இருக்கின்றன. லித்தியத்தை இரண்டு நிலைகளில் வைப்பதால் அது தனக்குள்ளேயே மோதிக் குளிரும் என்றாய். அந்த இடம் மட்டும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. பொட்டாசியம் அந்த லித்தியத்தோடு மோதித் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுத் தானும் குளிர வேண்டும். நான்கு வருடமாக அதுதான் நடக்க மறுக்கிறது. அணுக்கூட்டத்தைப் படமெடுத்து, அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்துத்தான் எவ்வளவு குளிர்ந்தது என்று கணக்கிடுகிறீர்கள்.

இதை நீ முதல்முதல் சொன்ன அன்று உன் நைனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஒரே மாதிரி ரெண்டு இருந்தா ஒண்ண ஒண்ணு தொடாதா? அப்டீன்னா நீயும் உங்கம்மாவும்தான்" என்று சொல்லிவிட்டு, நான் முறைப்பதற்குள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. ராயபுரத்துக் கான்வென்டில் படித்து, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். அவர் காசிமேட்டில் படகுக்காரக் குடும்பத்தில் பிறந்து, எட்டாவதோடு நிறுத்தி, ஐஸ் பிளான்ட்டில் மெஷின் ஓட்டியவர். இந்தக் கல்யாணம் ஆறு மாதம் தாங்காது என்று என் வீட்டார் சொன்னார்கள். முப்பத்தாறு வருடம் தாங்கியது. நமக்குள் எழுந்த சூட்டையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு நம்மை ஆற்றியவர் அவர்தான். அவர் போய் இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடமாக நீயும் நானும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம், ஒன்றையொன்று தொடாமல் விலகிப் போகிறோம்.

ஐஸ் பிளான்ட் உனக்கு நன்றாக நினைவிருக்கும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தின் நீளத்துக்கு ஒரு தொட்டி, அது நிறைய உப்புத் தண்ணீர். அம்மோனியாக் குழாய்கள் அந்த உப்புத் தண்ணீரை மைனஸ் பத்து டிகிரிக்குக் கொண்டுபோகும். உப்பு இருப்பதால் அது உறையாது. அதில் வரிசை வரிசையாகத் தகர கேன்கள் முங்கியிருக்கும். கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் உறைந்து ஐஸ் பாராக வரும். தொட்டியின் மேலே மரப்பலகை மூடிகள். மெஷின் இருக்கும் கோடியில் ஒரு தெர்மாமீட்டர், எதிர்க் கோடியில் இன்னொன்று. சாயந்திரம் இரண்டையும் பார்த்துக் குறிக்க வேண்டும். உன் நைனாவின் எழுத்து, மீன் துள்ளின மணல் மாதிரி இருக்கும். முதலாளி பாய்க்குப் பதிவுப் புத்தகம் இங்கிலீஷில், அழகாக இருக்க வேண்டும். ஆகவே உன் நைனா துண்டுத்தாளில் குறித்துவந்த எண்களை நான் வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தில் ஏற்றிக் கொடுப்பேன். காலை ஷிஃப்டுக்கு வருபவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எந்த வரிசைக் கேன்களைத் தூக்குவது என்று முடிவு செய்வார்கள். என் கையெழுத்தைப் பற்றி பாய் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகும் வாரம் அது. ஒன்றரை மாதம் கரையில் கிடந்த விசைப்படகுகள் எல்லாம் ஒரே நாளில் கடலுக்குக் கிளம்பும். எல்லாப் படகுக்கும் ஒரே நாளில் ஐஸ் வேண்டும். உனக்குப் பள்ளிக்கூட லீவு. தனக்கு முழங்கால் வலி இருந்ததால் நைனா உன்னையும் கூட்டிப்போனார். மெஷின் கோடியை அவர் பார்த்தார். பலகை மேல் நடந்துபோய் எதிர்க் கோடியை நீ பார்த்தாய். துண்டுத்தாளில் உன் குண்டு எழுத்தில் எழுதினாய்: "மிஷின் கோடி மைனஸ் 10. கடைசிக் கோடி மைனஸ் 4."

நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் நான்கா? "கோடுகளை எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன். "நாலுதாம்மா, நான் குனிஞ்சு பாத்தேன்" என்றாய். நைனா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இரு மதர், புத்தகத்துல ஏத்தாத. இன்னொரு தெர்மாமீட்டர் கீது, அத்த எட்த்துக்கினு போய் ஒரு தபா போட்டுப் பாத்துட்டு வரேன்" என்றார். என்னைக் கிண்டலாக அவர் மதர் என்றுதான் கூப்பிடுவார், கன்னியாஸ்திரி மடத்துத் தலைவியைக் கூப்பிடுவது போல. நான், "முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே போகிறீர்கள்? ஒரு தொட்டியில் இரண்டு எண் வருமா? குழந்தை தப்பாகப் பார்த்திருக்கிறாள்" என்றேன். சிவப்புப் பேனாவை எடுத்து, உன் நான்கைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் மைனஸ் பத்து என்று எழுதினேன். புத்தகத்தில் இரண்டு கட்டத்திலும் மைனஸ் பத்து ஏறியது. பார்க்க வரிசையாக, அழகாக இருந்தது. படித்தவள் சொல்கிறாள் என்று அவரும் விட்டுவிட்டார். என் படிப்பின் முன்னால் அவர் விட்டுக்கொடுத்த எத்தனையோ தருணங்களில் இது ஒன்று. ஆனால் இந்த ஒன்றில் அவர் சரி.

காலை ஷிஃப்டில் கடைசிக் கோடி வரிசைகளைத் தூக்கி, கேனைச் சரித்தபோது, ஐஸ் பார்கள் வெளியே வந்து விழுந்து உடைந்தன. வெளி ஓடு மட்டும்தான் ஐஸ், உள்ளே தண்ணீர். நல்ல பார்களைச் சில படகுகளுக்கு ஏற்றியாகிவிட்டது. கடைசியாக வந்த, சொந்தப் படகு வைத்திருந்த தனத்துக்குப் பாதி ஐஸ் கூடக் கிடைக்கவில்லை. தனம் நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. "இங்கிலீஷம்மா, வெளிய வா! உன் வூட்டுக்காரரு ஐஸ் குடுத்தாரா, இல்ல தண்ணிக்கொடம் குடுத்தாரா? ஒடைச்சா உள்ள கொளமே கீது! வஞ்சிரத்த அதுல நீஞ்ச விட்றதா?" என்றாள். நீ கதவுக்குப் பின்னால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிளான்ட்டிலிருந்து ஓடிவந்த நைனா, "கத்தாதக்கா. நம்பர் தப்பாயிட்ச்சி. எங்க வூட்ல எய்துனதுதான் தப்பு. வேற பிளான்ட்ல சொல்லிக்கீறேன், நாளைக்கு உன் போட்டுக்குத்தான் மொத ஐஸு" என்றார். தனத்தின் படகு மற்றவர்களுக்கு ஒரு நாள் கழித்துத்தான் போனது. தடைக்காலம் முடிந்த முதல் மீனுக்கு வரும் விலை அவளுக்குக் கிடைக்கவில்லை.

மத்தியானம் மெக்கானிக் வந்து தொட்டியைத் திறந்து பார்த்தார். உப்புத் தண்ணீரைக் கலக்கிவிடும் விசிறியின் பெல்ட் அறுந்து கிடந்தது. தண்ணீர் ஓடவே இல்லை. மெஷின் கோடியில் இருந்த குளிர் கடைசிக் கோடிக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒரே தொட்டிதான், ஒரே தண்ணீர்தான், ஆனால் கலக்காவிட்டால் ஒரு தொட்டிக்குள் இரண்டு எண் வரும். நீ சரியாகத்தான் பார்த்திருந்தாய். குனிந்து, கோடுகளை எண்ணி, உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாய். நைனா வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னார். நான் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. "அந்தப் புள்ளையாண்ட சொல்லிடு" என்றார். "நீங்களே சொல்லுங்கள்" என்றேன். "நான் சொன்னா ஆறுதலுக்கு சொல்றேன்னு நெனைக்கும். மார்க் போடறது நீதானே மதர். நீ சொன்னாத்தான் நம்பும்" என்றார்.

எந்த எண்ணில் ஐஸ் உறையும் என்று உனக்கு அப்போது தெரியாது, நம்பர் தப்பு என்று நைனா சொன்னது மட்டும்தான் உன் காதில் நின்றிருந்தது. அன்று சாயந்திரம் நீயே என்னிடம் வந்து கேட்டாய். "அம்மா, தனம் அத்தை போட் என்னாலதான் போகலையா?" இவ்வளவு வருடம் கழித்தும் உன் குரல் அப்படியே காதில் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் நான் "இல்லை, என்னால்" என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. சொல்லவில்லை. தெருவில் எல்லோரும் என்னைப் படித்தவள் என்கிறார்கள், மகள் முன்னாலும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. "இனிமேல் மூன்று தடவை பார்த்து எழுது" என்றேன். நீ தலையாட்டிவிட்டுப் போனாய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அதன் பிறகு ஒரே ஒரு தடவை, நீ பத்தாவது படிக்கும்போது, "சொல்லிட்டியா?" என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் பிறகு கேட்கவில்லை.

இதன் பலனை நான் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து நீ எதையும் மூன்று தடவை பார்த்தாய். நல்ல பழக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள், நானும் அந்த மெச்சலை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் மூன்று தடவை பார்த்த பிறகும், எண் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், நீ எண்ணைச் சந்தேகப்படவில்லை, தெர்மாமீட்டரைச் சந்தேகப்படவில்லை, உன்னையே சந்தேகப்பட்டாய். பன்னிரண்டாவது பரீட்சையில் இயற்பியல் தாளில் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டு, விடை விசித்திரமாக இருக்கிறதே என்று அடித்துவிட்டு, பார்க்க அழகான வேறு விடையை எழுதிவிட்டு வந்தாய். வீட்டுக்கு வந்து சரியான விடை தெரிந்ததும் அழுதாய். நான் திட்டினேன், அமலி. "சரியாக வந்ததை யாராவது அடிப்பார்களா?" என்று திட்டினேன். யார் கற்றுக்கொடுத்தது என்று தெரிந்தே திட்டினேன். இதைவிடப் பெரிய பாவம் நான் செய்ததாக எனக்கு நினைவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் என் சின்னச் சின்னப் பொய்களையெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதை மட்டும் ஒருபோதும் சொன்னதில்லை.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு, உலகமே சலவை செய்து மாட்டின மாதிரி இருக்கிறது. இத்தனை நாள் என் சமையலறைச் சுவர் மஞ்சள் என்று நினைத்திருந்தேன். அது வெள்ளையாம். குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், மேஜை மேல் வைத்துப் பார்க்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்தேன். அப்படித்தான் போன வாரம் நைனாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஸ்பானர், திருகாணி, ஒரு பழைய தெர்மாமீட்டர். தெர்மாமீட்டர் வைக்கும் அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வைத்த ஒரு தாள். உன் குண்டு எழுத்து. என் சிவப்பு வட்டம், என் மைனஸ் பத்து. அதற்குக் கீழே பென்சிலில், மீன் துள்ளின மணல் மாதிரி, அவர் எழுத்து: "ரெண்டாவது தர்மாமீட்டர் போட்டு பாத்தேன். கடைசி கோடி மைனஸ் 4. புள்ள கரீட்டு." மறுநாள் பெல்ட் மாட்டுவதற்கு முன்னால் அவர் அந்த முழங்காலோடு பலகை மேல் நடந்துபோய்ப் பார்த்திருக்கிறார். பார்த்து எழுதி, அந்தத் தெர்மாமீட்டரோடு சேர்த்து இத்தனை வருடம் வைத்திருக்கிறார். என்னிடம் காட்டவில்லை. உன்னிடமும் காட்டவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார்.

உனக்குச் சொல்லும் தைரியம் உடனே வரவில்லை. முதலில் தனத்திடம் சொன்னேன். அவள் இப்போது படகை விற்றுவிட்டு, நம் தெரு முனையில் உட்கார்ந்து மீன் விற்கிறாள். கேட்டுவிட்டு அவள் கத்தியைக் கீழே வைத்துச் சிரித்தாள். "இதுக்கா இம்மா வருசம்? எனக்கு அன்னிக்கே தெரியுமே. உன் வூட்டுக்காரரு நம்பர தப்பா பாக்கறவரா? நீதான் இன்னாவோ பண்ணிக்கீறேன்னு தெரியும்."

"தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய்?"

"நீ இங்கிலீஷ்ல திட்டுவன்னுதான்" என்றாள். பிறகு, "உன் பொண்ணு ஐஸ விட ஜில்லுனு இன்னாவோ செய்யுதாமே? அதுல எந்த மீன வெப்பாங்க?" என்றாள். மீன் இல்லை, அணு, இரண்டு வகை அணுக்களைச் சேர்த்துக் குளிர வைக்கிறாள் என்றேன். "மீனே இல்லாம எதுக்கு அம்மாம் குளிரு?" என்று கேட்டுவிட்டு, செதில் சீவிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "சரி, அந்தப் புள்ளையாண்ட சொன்னியா? என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போது?" அதற்கு அடுத்த நாள்தான் நீ போன் செய்தாய். பதினேழு படங்களை ஒதுக்கிவிட்டேன் என்றாய்.

ஆகவே சொல்கிறேன். அன்று கடைசிக் கோடி மைனஸ் நான்குதான். நீ சரியாகப் பார்த்தாய். நான் மாற்றினேன். தனத்தின் படகு என்னால்தான் நின்றது. மாற்றியது தப்பு என்று தெரிந்த பிறகும், தப்பு உன்னுடையது என்று உன்னை நினைக்க விட்டேன். மன்னிப்புக் கேட்கிறேன். அம்மா கேட்கிறாளே என்று அவசரமாக மன்னித்துவிடாதே. நேரம் எடுத்துக்கொள்.

உன் பதினேழு படங்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தகுதி இல்லை. அவை சரி என்று நான் சொல்லவில்லை. அன்று உன்னைத் தப்பு என்று சொன்ன அதே அவசரத்தோடு இன்று சரி என்று சொன்னால் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். கேமராவில் கோளாறு இருக்கலாம். வேறு எதிலோ இருக்கலாம். ஆனால் உன் நைனா உயிரோடு இருந்து, நீ அவரிடம் சொல்லியிருந்தால், அவர் "தப்பா பாத்துட்டியா?" என்று கேட்டிருக்க மாட்டார். "எந்தக் கோடில கண்ணு?" என்று கேட்டிருப்பார். ஒரு எண் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், அது எந்த இடத்தில், எந்த நேரத்தில், எது ஓடும்போது, எது நின்றபோது வந்தது என்று கேட்பார். பிறகு இரண்டாவது தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நடப்பார். அந்தப் பதினேழும் எந்தெந்த நாட்களில் வந்தவை? அன்று லித்தியம் அதிகமாக இருந்ததா? இரண்டையும் ஒன்றாக விட்டு வைத்த நேரம் கூடுதலா? கிண்ணம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நகர்ந்து, இரண்டும் நன்றாகக் கலந்திருந்தனவா? ஒருவேளை மற்ற நூற்றுக்கணக்கான படங்களில்தான் விசிறி ஓடவில்லையோ என்னவோ. பதினேழில் மட்டும்தான் பெல்ட் சரியாக மாட்டியிருந்ததோ என்னவோ. கிழவியின் பேச்சு என்று சிரித்துக்கொள். ஆனால் அந்தப் படங்களை ஒதுக்கி வைத்த இடத்திலிருந்து எடுத்து, தேதி போட்டு, வரிசையாக வைத்துப் பார். குளிரை அளக்க வேறொரு வழி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாயே, அந்த வழியிலும் அளந்து பார். மாத முடிவுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. பார்த்த பிறகும் தப்பு என்று தெரிந்தால் தப்பு என்று எழுது. அதில் வெட்கமே இல்லை. பார்ப்பதற்கு முன் எழுதாதே. அறிக்கை வரிசையாக, அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. அழகான வரிசையின் விலை எனக்குத் தெரியும்.

ஊருக்கு ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். "எங்க வூட்ல எய்துனதுதான் தப்பு" என்று நைனா தெரு கேட்கச் சொன்னபோது, அளவு பார்க்க நீ அவரோடு போனதை அறிந்த அந்தத் தெரு முழுவதும் கதவுக்குப் பின்னால் நின்ற உன்னைத்தான் பார்த்தது. தப்பு தெருவில் விழுந்தது. அதை எடுப்பதும் தெருவில்தான் நடக்க வேண்டும். கான்வென்டில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று எனக்கு அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஆபீசில் நான் முப்பது வருடம் கடைப்பிடித்த ஒரு விதி உண்டு. பதிவேட்டில் ஒரு எண் தப்பாகிவிட்டால் அதன்மேல் எழுதக்கூடாது, சுரண்டக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, திருத்தியவர் சுருக்கொப்பம் இட்டுத் தேதி போட வேண்டும். புதிதாக வந்த பெண்கள் இதை மறந்தால் நான் எவ்வளவு கடுமையாக இருந்தேன் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அன்று சாயந்திரம், என் சொந்த வீட்டில், ஒரு குழந்தையின் எண்ணுக்கு மட்டும் நான் அந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை.

நேற்று காலை, சொட்டு மருந்துக் கலக்கம் தெளிந்ததும், அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து என் சிவப்பு மைனஸ் பத்தை ஒரே கோடால் அடித்தேன். பக்கத்தில் மைனஸ் நான்கு என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டு, நேற்றைய தேதி போட்டேன். கோடு நேராக இல்லை. உன் எண்ணை நான் தொடவில்லை. அது நீ எழுதிய இடத்தில், எழுதியபடியே இருக்கிறது.

அம்மா